ஆமை ஓடா? முதலை முதுகா? – நாமே செய்யும் ரோபோ கவசம்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



2010 அக்டோபர் 1-ஆம் தேதி வெளியான 'எந்திரன்' படத்தைப் பார்க்காத ஆள் நம்ம கல்லூரியில் இருக்க முடியாது. படம் வந்தப்போ நமக்கெல்லாம் மூணு, நாலு வயசுதான். டி.வி.யில் பார்த்துப் பார்த்தே சிட்டி ரோபோவின் நடையைப் பழகியவர்கள் நாம். அந்தப் படத்தின் ரோபோ உருவங்களைச் செய்ததில் பங்கு பெற்றது 'லெகசி எஃபெக்ட்ஸ்' என்ற அமெரிக்க நிறுவனம். 2008-இல் வந்த 'அயர்ன் மேன்' படத்தின் கவசத்தை உருவாக்கிய ஸ்டான் வின்ஸ்டன் ஸ்டூடியோவின் ஆட்கள்தான் பிறகு இந்த நிறுவனத்தை ஆரம்பித்தார்கள்.

அவர்களிடம் பணம் இருக்கிறது, மெஷின் இருக்கிறது. நம்மிடம் என்ன இருக்கிறது? ஸ்கேல், காம்பஸ், கட்டர், ஒரு ஹீட் கன். இவற்றை வைத்துக்கொண்டே போட்டு நடக்கக்கூடிய ஒரு ரோபோ கவசத்தை நாம் செய்ய முடியும். நானும் இரண்டு நண்பர்களும் விடுமுறை நாட்களில் மூவாயிரம் ரூபாய்க்குள் ஒன்று செய்து முடித்தோம். அந்த வேலையில் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவசம் செய்வது பாதி வேலைதான். அதை உடம்பில் உட்கார வைப்பதுதான் மீதி. பார்க்க அழகாக இருந்து, போட்டவன் உட்கார முடியாமல் மூச்சு முட்டினால் அது கவசம் இல்லை, பெட்டி!

உலகத்தில் எப்படி வந்தது?

1939-இல் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தது. அதற்கு ஃபாரஸ்ட் அக்கர்மன், மிர்ட்டில் டக்ளஸ் என்ற இரு ரசிகர்கள் எதிர்கால உடை அணிந்து வந்தார்கள். தைத்தவர் மிர்ட்டில். ரசிகர்கள் வேஷம் கட்டி வரும் வழக்கத்துக்கு இதைத்தான் பிள்ளையார் சுழி என்பார்கள். 1997-இல் அமெரிக்காவில் '501-ஆவது லீஜன்' என்ற ரசிகர் சங்கம் தொடங்கியது. 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் வெள்ளைக் கவச வீரர்களைப் போலத் தாங்களே கவசம் செய்து போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் இருக்கும் குழந்தைகளைப் பார்க்கப் போவது இவர்களின் பழக்கம்.

இந்தியாவில் 2011-இல் டெல்லியில் ஆரம்பித்த காமிக் கான் விழா, 2024 பிப்ரவரியில் முதல் முறையாகச் சென்னைக்கு வந்தது. இடம் நந்தம்பாக்கம் வர்த்தக மையம். வண்டலூரில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் பரங்கிமலையில் இறங்கி அங்கிருந்து கொஞ்ச தூரம்தான்.

நம்ம ஊரில் முன்னாடியே இருந்தது!

இது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்காதீர்கள். நம்ம செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோவில் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும். துரியோதனன் வேஷம் கட்டுபவர் தலையில் கிரீடம், தோளில் புஜகீர்த்தி, மார்பில் பதக்கம் என்று எல்லாம் மரத்தில் செய்த அணிகள். அவற்றைக் கட்டை என்பார்கள். கட்டைக்கூத்து என்ற பெயரே அதனால்தான். தேக்கிலா செய்தார்கள்? இல்லை. கனமே இல்லாத கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, மேலே ஜிகினாத்தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டினார்கள். ராத்திரி முழுக்கச் சுழன்று ஆட வேண்டும் அல்லவா? எடை குறைய வேண்டும், கயிற்றில் இறுக்கிக் கட்டினால் ஆட்டத்தில் நழுவக் கூடாது, தூரத்திலிருந்து பார்த்தால் ராஜாவாகத் தெரிய வேண்டும். இந்த மூன்று விதியும் இன்றைய ரோபோ கவசத்துக்கும் அப்படியே பொருந்தும்.

கல்யாண முருங்கைக்குப் பதில் என்ன?

இ.வி.ஏ. ஃபோம். ஸ்போர்ட்ஸ் ஷூவின் மெத்தென்ற அடிப்பாகம் இதுதான். குழந்தைகள் விளையாடத் தரையில் போடும் கட்டம் கட்டமான மேட்டும் பெரும்பாலும் இதே ரகம். மார்பு, முதுகு, தோளுக்கு 10 மி.மீ., கை கால்களுக்கு 5 மி.மீ., மேலே வரும் அலங்காரப் பட்டைகளுக்கு 2 மி.மீ. தடிமன் போதும். தெர்மோகோல் வேண்டாம், உடையும். தகரம் வேண்டவே வேண்டாம், சதையைக் கிழிக்கும்.

அளவு எடுப்பது

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆனால் அளவு எடுப்பதில் எனக்குக் குரு, வீட்டில் ஜாக்கெட் தைக்கும் என் அம்மா. "கையை நீட்டி அளந்தா நீட்டத்தான் முடியும்டா, மடக்கி அள" என்றார் அம்மா. புஜத்தை மடக்கினால் சுற்றளவு கூடுகிறது. உட்கார்ந்தால் தொடை பருக்கிறது. மூச்சை இழுத்தால் மார்பு விரிகிறது. எனவே எல்லா அளவையும் பெரிதாகும் நிலையில்தான் எடுக்க வேண்டும். உள்ளே போடப்போகும் பனியன், பேண்ட்டோடு எடுக்க வேண்டும்.

மார்புக்கு டேப் மட்டும் போதாது. பழைய டி-ஷர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் நண்பனை விட்டு மாஸ்கிங் டேப்பை வரிவரியாக ஒட்டச் சொல்லுங்கள். எங்கே மூட்டு வரவேண்டுமோ அங்கே ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, கோட்டின்மேல் மெதுவாகக் கத்தரித்து எடுத்தால், உங்கள் உடம்பின் வரைபடம் கையில்! அதைத் தட்டையாக வைத்தால் சில இடங்களில் மடங்கும். அங்கே ஒரு முக்கோண வெட்டு கொடுங்கள். ஜாக்கெட்டில் டார்ட் பிடிப்பதும் இதேதான்.

டிராயிங் வகுப்பு இங்கே உதவும்

கூம்பை வெட்டி விரித்து வரையும் கணக்கை டிராயிங் ஷீட்டில் போட்டபோது, "இது எதுக்குடா மச்சான்?" என்று கேட்காதவர் யார்? முன்கைக் கவசத்துக்குத்தான்! முன்கை என்பது நுனி வெட்டிய கூம்பு.

ஒரு உதாரணம். முழங்கை அருகே சுற்றளவு 26 செ.மீ., மணிக்கட்டில் 16 செ.மீ., நீளம் 24 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். காற்றுக்கும் அசைவுக்கும் 2.4 செ.மீ. கூட்டுங்கள். அடுத்ததுதான் பலர் விட்டுவிடுவது. ஃபோமுக்குத் தடிமன் உண்டு. உருட்டும்போது உள்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் நீளும், நடுக்கோடு மட்டும் மாறாது. எனவே உள்சுற்றளவோடு 3.14 மடங்கு தடிமனைக் கூட்ட வேண்டும். 5 மி.மீ. ஃபோமுக்கு அது 1.6 செ.மீ. இப்போது சுற்றளவு 30, 20 என்று ஆகிவிட்டது.

பெரிய ஆரம் = 24 × 30 ÷ (30 – 20) = 72 செ.மீ. சிறிய ஆரம் = 72 – 24 = 48 செ.மீ. கோணம் = 30 ÷ (2 × 3.14 × 72) × 360 = சுமார் 24 டிகிரி. ஒரு நூல், ஒரு ஆணி, ஒரு பென்சில் இருந்தால் இரண்டு வில்லையும் நியூஸ்பேப்பரில் போட்டுவிடலாம்.

இன்னொரு விஷயம். மணிக்கட்டுப் பக்கம் உள்சுற்றளவு 18.4 செ.மீ.தான். உள்ளங்கை அதில் நுழையாது. ஆகவே அடிப்பக்கம் நீளவாக்கில் திறந்து விட்டு வெல்க்ரோ வைக்க வேண்டும். எல்லா உருப்படியையும் முதலில் அட்டையில் செய்து மாட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் ஃபோமில் கை வையுங்கள்.

வெட்டு, சூடு, ஒட்டு

கட்டர் பிளேடு கூர்மையாக இருக்கட்டும். மழுங்கினால் ஃபோம் பிய்ந்து வரும். ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்காமல் இரண்டு, மூன்று இழுப்பில் வெட்டுங்கள். மூலை மடங்கும் இடத்தில் இரண்டு விளிம்பையும் 45 டிகிரி சாய்த்து வெட்டினால் இடுக்கு தெரியாது.

பிறகு ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். மேற்பரப்பு லேசாகப் பளபளத்ததும் ஃபோம் குழையும். உடனே தொடையிலோ குடத்திலோ வளைத்து, ஆறும்வரை பிடித்திருந்தால் அந்த வளைவு அப்படியே நிற்கும். மேல் துளைகளும் அடைபட்டுப் பெயிண்ட்டை உறிஞ்சாது.

ஒட்டுவதற்குச் செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் ரப்பர் பசைதான் சரி. இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, பத்து நிமிஷம் பொறுத்து, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்த்து அழுத்துங்கள். ஒருமுறை சேர்த்தால் பிரிக்க முடியாது. அதனால் முன்கூட்டியே விளிம்பில் குறி போட்டு வையுங்கள்.

எச்சரிக்கை: இந்தப் பசையின் ஆவி தலையைச் சுற்ற வைக்கும், எளிதில் தீப்பிடிக்கும். கதவைச் சாத்திக்கொண்டு ஹாஸ்டல் அறையில் செய்யாதீர்கள். மொட்டை மாடிதான் நல்ல இடம். பசை காயும்போது பக்கத்தில் ஹீட் கன், அடுப்பு, ஊதுபத்தி எதுவும் கூடாது. ஃபோமைத் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

ஆமையும் முதலையும்

நம்ம வண்டலூர் உயிரியல் பூங்காவில் முதலையைக் கவனித்திருக்கிறீர்களா? முதுகில் வரிசை வரிசையாகக் கெட்டித் தகடுகள், இடையில் மெல்லிய தோல். அதனால்தான் அது சட்டென்று வளைந்து திரும்புகிறது. ஆமை ஓடும் கவசம்தான், ஆனால் ஒரே மூடி. ஆமையால் இடுப்பை வளைக்க முடியுமா?

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் ஆமை ஓட்டைச் செய்துவிடுகிறார்கள். நாம் முதலை முதுகைச் செய்வோம். மார்பை விலா எலும்பு முடியும் இடத்தோடு நிறுத்துங்கள். வயிற்றுக்கு மூன்று, நான்கு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, உள்பக்கம் எலாஸ்டிக் நாடாவில் கோத்துவிடுங்கள். தோள் துண்டை மார்போடு பசை போட்டு ஒட்டாமல் நாடாவில் தொங்க விடுங்கள். முழங்கை, முழங்கால், அக்குள் இவற்றைத் திறந்தே விட்டு, உள்ளே கறுப்பு பனியன் போட்டால் பார்ப்பவர் கண்ணுக்கு அது இயந்திர மூட்டாகவே தெரியும். எடை முழுவதும் தோளில் விழாமல், தொடைக் கவசத்தை இடுப்பு பெல்ட்டில் தொங்கவிடுங்கள். ஸ்கூல் பேக்கில் வரும் பிளாஸ்டிக் கிளிப் இதற்கெல்லாம் அருமையாக உதவும்.

பொருத்தம் சரியில்லை என்றால் என்ன ஆகும்? 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் தங்க நிற ரோபோவாக நடித்த ஆன்டனி டேனியல்ஸின் உடம்பையே பிளாஸ்டரில் அச்செடுத்துத்தான் உடை செய்தார்கள். அப்படியும் 1976-இல் டுனீஷியாவில் படப்பிடிப்பின் முதல் நாளே கால் துண்டு ஒன்று உடைந்து அவர் பாதத்தில் குத்தியது. அதைப் போட்டுக்கொண்டு அவரால் உட்காரவும் முடியாது. அதே படத்தில் வெள்ளைக் கவச வீரர் ஒருவர் கதவு நிலையில் தலையை முட்டிக்கொள்வது இன்றும் திரையில் தெரியும்!

ஆகவே பெயிண்ட் அடிப்பதற்கு முன் இந்த ஆறு தேர்வும் வையுங்கள்:

1. முன்னால் கையை நீட்டிக் கைதட்ட வேண்டும்.
2. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும்.
3. நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும்.
4. குனிந்து கீழே கிடக்கும் செருப்பை எடுக்க வேண்டும்.
5. மாடிப்படி ஏறி இறங்க வேண்டும்.
6. பத்து எண்ணுவதற்குள் தலைக்கவசத்தைத் தானே கழற்ற வேண்டும்.

இதில் ஒன்று தவறினாலும் அந்த இடத்தை வெட்டித் திருத்துங்கள். ஆறாவதில் மட்டும் சலுகையே கிடையாது.

வண்ணம்

ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து மூன்று கை பூசிக் காய விடுங்கள். அதன்மேல் அக்ரிலிக் பெயிண்ட். சாதாரண எனாமல் வளையும் இடத்தில் வெடிக்கும். கறுப்பு அடித்து, காய்ந்ததும் பஞ்சில் சில்வரைத் தொட்டு விளிம்புகளில் மட்டும் தேய்த்தால் தேய்ந்த இரும்பு மாதிரியே இருக்கும். கண்ணுக்கும் மார்புக்கும் எல்.இ.டி. விளக்கு வேண்டுமானால் இருக்கவே இருக்கிறது ரிச்சி தெரு.

மூச்சும் வெயிலும்

வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் முறையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாத இடம் இதுதான். ஃபோம் சூட்டை வெளியே விடாது. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையும் காயாது. தலைக்கவசத்தின் தாடைக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி, பின்பக்கம் துளைகள், உள்ளே பவர் பேங்கில் ஓடும் 5 வோல்ட் சின்ன ஃபேன் – இவை அலங்காரம் இல்லை, அவசியம். முதுகின் உள்பக்கம் ஃபோம் பட்டைகளை இடைவெளி விட்டு ஒட்டினால் நடுவில் காற்று ஓடும்.

இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை தலைக்கவசத்தைக் கழற்றித் தண்ணீர் குடியுங்கள். கவசம் போடாத ஒரு நண்பன் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். பக்கத்தில் பார்வை மறையும், கீழே படி தெரியாது. தலை சுற்றுகிறது, வியர்வை நின்றுவிட்டது, பேச்சு குழறுகிறது என்றால் போட்டோ பிறகு பார்த்துக்கொள்ளலாம். கிளிப்பை அவிழ்த்துக் கவசத்தைக் கழற்றி, நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணியால் துடைத்து விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். இதற்காகத்தான் எல்லா இணைப்பும் வெளியிலிருந்து அவிழ்க்கும்படி இருக்க வேண்டும்.

இதனால் என்ன பயன்?

"படிக்கப் போனியா, வேஷம் கட்டப் போனியா?" என்று என் வீட்டில் கேட்டார்கள். உங்கள் வீட்டிலும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நம்மைப் படிக்க வைக்க அவர்கள் படும் பாடு நமக்குத் தெரியும். என் பதில் இதுதான். வொர்க் ஷாப்பில் ஷாஃப்ட்டில் ஒரு தப்பு வந்தால் அது மார்க்கில்தான் தெரியும். கவசத்தில் ஒரு சென்டிமீட்டர் தப்பினால் உடம்பே சொல்லிவிடும். அளவு, விரிவு, தடிமன், மூட்டு, எடை, காற்றோட்டம், பாதுகாப்பு – நாளைக்குத் தொழிற்சாலையில் ஹெல்மெட்டும் கையுறையும் செய்கிறவனுக்கும், காலிழந்தவருக்குச் செயற்கைக்கால் பொருத்துகிறவனுக்கும் இதே பாடம்தான். பொருளை மட்டும் பார்க்காமல், அதைப் போட்டுக்கொள்ளும் மனுஷனைப் பார்க்கப் பழகுகிறோம்.

எடுத்த எடுப்பில் முழுக் கவசம் வேண்டாம். ஒரு முன்கைக் கவசத்தில் ஆரம்பியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அட்டையில் வெட்டி, மாட்டி, கையை மடக்கிப் பாருங்கள். சரியாக மடங்கினால், அடுத்த ஞாயிறு தோள்!

வாழ்த்துகள் நண்பர்களே!