மெய்யை மாற்றும் மொழி

நுழையும்முன்

பொய்யைத் தனிமனிதர் ஒருவர் சொன்னால் அது ஏமாற்று. அதனையே ஓர் அரசு நாள்தோறும் சொன்னால் அது ஆட்சிமுறையாகிவிடும். அத்தகைய ஆட்சியின்கீழ் மக்கள் வாழ்க்கை எவ்வாறு அமையும் என்பதைக் கற்பனையால் காட்டி எச்சரிப்பவை கொடுங்கனவுப் புதினங்கள். அவற்றின் கற்பனை, நடப்பியலிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திருப்பூரில் பரவிய அச்சம்

கணியூர் வட்டாரம் முதல் திருப்பூர் நகர் வரை நூற்பாலைகளும் விசைத்தறிகளும் பின்னலாடை நிறுவனங்களும் நிறைந்தது கொங்குப் பகுதி. 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகக் கூறும் காணொலிகள் கைப்பேசிகளில் பரவின. வேறு இடங்களில், வேறு காரணங்களால் நிகழ்ந்த சம்பவங்களே அவ்வாறு பெயர் மாற்றிப் பரப்பப்பட்டன. அச்சமுற்ற தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர். தமிழகக் காவல்துறை அவற்றைப் பொய்யென மறுத்தது. பீகார் அரசு அனுப்பிய குழு திருப்பூருக்கு நேரில் வந்து தொழிலாளர்களைச் சந்தித்தது. காட்சி மெய்யானது, அதற்கு இடப்பட்ட விளக்கமே பொய். பரப்புரையின் பழமையான உத்தி இதுவேயாகும்.

மோத்திகாரியில் பிறந்தவர்

இவ்வுத்தியை ஆழ்ந்து ஆராய்ந்த எழுத்தாளர் அதே பீகார் மண்ணில் பிறந்தவர் என்பது வியப்பிற்குரியது. ஜார்ஜ் ஆர்வெல் 1903 ஜூன் 25 அன்று மோத்திகாரியில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது பி.பி.சி. வானொலியில் இந்தியாவுக்கான நிகழ்ச்சிகளைத் தயாரித்தார். போர்க்காலப் பரப்புரையை உள்ளிருந்து கண்ட அவர் எழுதிய ‘1984’ என்னும் புதினம் 1949இல் வெளிவந்தது.

அப்புதினத்தின் நாயகன் வின்ஸ்டன் ‘உண்மை அமைச்சகம்’ என்னும் துறையில் பணிபுரிகிறான். பழைய நாளிதழ்களை ஆட்சியாளரின் இன்றைய பேச்சுக்கேற்பத் திருத்துவதே அவன் வேலை. 30 கிராமாக இருந்த சாக்லேட் பங்கீடு 20 கிராமாகக் குறைக்கப்படுகிறது. மறுநாளே அது 20 கிராமாக ‘உயர்த்தப்பட்டதற்கு’ மக்கள் நன்றி தெரிவித்ததாகச் செய்தி வருகிறது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய சான்று எதுவும் இல்லை. சொற்களின் எண்ணிக்கையும் ஆண்டுதோறும் குறைக்கப்படுகிறது. எதிர்ப்பைச் சொல்லச் சொல்லே இல்லையெனில் எதிர்க்கும் எண்ணமும் தோன்றாது என்பது ஆட்சியின் கணக்கு.

தணிக்கைக் காலம்

1975 ஜூன் 25 இரவு இந்தியாவில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அன்றிரவே தில்லியில் நாளிதழ் அலுவலகங்கள் பலவற்றின் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. செய்திகள் முன்தணிக்கைக்கு உட்படுத்தப்பட்டன. 1976இல் நான்கு செய்தி நிறுவனங்கள் ‘சமாச்சார்’ என ஒன்றாக்கப்பட்டன. சிற்றூர் மக்களுக்கு நாளிதழும் வானொலியுமே உலகைக் காட்டும் சாளரங்களாக இருந்த காலம் அது. குறைவாகப் பேசி மிகுதியாக உழைக்குமாறு முழக்கங்கள் கற்பித்தன. ஆனால், ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சிறைப்பட்ட நிலை செய்தியாகவில்லை.

ஆயினும் தணிக்கையால் அனைத்தையும் மறைக்க இயலவில்லை. இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் தலையங்கப் பகுதியை வெறுமையாக விட்டு வெளியிட்டது. தமிழகத்தில் 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு அக்கட்சியினர் பலர் கைதாயினர். அச்செய்தியை வெளியிடத் தடை இருந்தது. பிப்ரவரி 3, அண்ணாவின் நினைவுநாள். அன்று ‘முரசொலி’ இதழ், அண்ணா நினைவிடத்தில் மலர்வளையம் வைக்க வர இயலாதோரின் பட்டியலை வெளியிட்டது. கைதானோர் யாவர் என்பதை மக்கள் அறிந்துகொண்டனர்.

தெரிந்து தெளிவோம்

1978ஆம் ஆண்டின் 44ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்னும் சொல்லை நீக்கி ‘ஆயுதமேந்திய கிளர்ச்சி’ என்பதை அவசரநிலைக்குரிய காரணமாக்கியது. ஒரு சொல்லின் தெளிவின்மை எத்துணை அதிகாரத்திற்கு இடந்தரும் என்பதற்கு இது சான்று.

கற்பனையும் நடப்பும்

புதினத்து ஆட்சிக்கு முடிவில்லை. இந்திய அவசரநிலையோ 1977 மார்ச் தேர்தலையடுத்து முடிவுற்றது. வாக்குரிமை எஞ்சியிருந்ததே இவ்வேறுபாட்டின் காரணம். எனவே இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. ஒன்றின் நிழல் மற்றொன்றில் விழுந்ததை மறுத்தலும் பொருந்தாது.

அன்று உண்மை பஞ்சத்தால் மறைந்தது. இன்று வெள்ளத்தால் மறைகிறது. செய்தியைத் தடுப்பதற்கு மாறாக, ஓராயிரம் பொய்களால் அதனை மூழ்கடிக்க இயலும். செயற்கை நுண்ணறிவு, ஒருவர் பேசாததைப் பேசியதாகவே காட்டவல்லது. வின்ஸ்டன் செய்த திருத்தற்பணியை இன்று கைப்பேசி வைத்திருக்கும் எவரும் செய்யலாம். அறியாமலே அதற்குத் துணைநிற்கவும் செய்யலாம்.

திருப்பூரில் அச்சத்தைத் தணித்தது நேரில் சென்று பார்த்த செயலாகும். இக்காட்சி எங்கு, எப்போது எடுக்கப்பட்டது, இதனால் யாருக்குப் பயன் என்னும் மூன்று வினாக்களும் பகிர்வதற்கு முன் எழுமாயின் பொய்யின் பயணம் தடைப்படும். ஒரு பொய்யான காணொலி, நெடுந்தொலைவு வந்து உழைக்கும் ஒருவரின் கூலியையும் உறக்கத்தையும் பறிக்கக்கூடும். ஆகவே செய்தியை ஆராய்தல் அறிவுடைமை மட்டுமன்று. அஃது அறமும் ஆகும்.