பகலாட்டமும் இரவாட்டமும்

முத்துக்குளிக்கும் படகுகள் நள்ளிரவில் நிலக்காற்றோடு புறப்பட்டு, நண்பகலுக்குப் பின் கடற்காற்றோடு கரை திரும்பின. பொழுதறிந்து உழைத்தனர் நம் கரையோர மக்கள். கால்பந்தாட்டத்திற்கும் அவ்வறிவு வேண்டும்.

தூத்துக்குடிக் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுவதால் உடற்சூடு தணியாது. ஆட்டக்காரர் தம்மையறியாமலே விரைவோட்டத்தைக் குறைத்துக்கொள்வர். பின்பாதியில் அணி தளரும். 2014 உலகக் கோப்பையில், ஃபோர்தலேசா என்னும் பிரேசில் கடற்கரை நகரில், நெதர்லாந்தும் மெக்சிகோவும் மோதிய பகலாட்டம் வீரர் நீர் பருகுவதற்காக இடையே நிறுத்தப்பட்டது. 2022 கத்தார் போட்டியோ கோடையினின்று நவம்பர், டிசம்பருக்கே மாற்றப்பட்டது.

மாலையில் உடல் வெப்பநிலை இயல்பாகவே உச்சத்தை நெருங்குவதால் தசைகள் வலுவோடு இயங்கும். ஆயினும் இரவில் வெயில் நீங்குமேயன்றி ஈரம் நீங்காது.

பிற்பகல் இரண்டு மணிக்கு ஆட்டம் வைத்துவிட்டு, மாணவர் ஓடவில்லை எனக் குறைகூறுதல் முறையன்று. விளக்கில்லாத் திடலுக்குக் காலைப்பொழுதே ஏற்றது. அப்போது உடல் குளிர்ந்திருக்குமாதலால் முன்பயிற்சி மட்டும் சற்று நீளவேண்டும்.