பேசாத பிள்ளையும் இரண்டு மொழியும்

நம் சங்கத்து அன்பர்களில் பலர் பாலக்காட்டுக் கணவாய்க்கு இப்பால் வந்து இரண்டு மூன்று தலைமுறைகள் ஆகிவிட்டன. வீட்டிலே தமிழ், வீதியிலே மலையாளம் என்று வாழ்வதில் நமக்குச் சிரமம் ஏதும் இருந்ததில்லை. ஆகவே நம் இளைய மகன் மூன்று வயது கடந்தும் பத்துச் சொல்லுக்கு மேல் பேசாதிருந்தபோது, "இரண்டு பாஷை காதில் விழுவதால் குழம்புகிறான், தானே சரியாகிவிடும்" என்றனர் வீட்டுப் பெரியோர். அவனைச் சேர்த்திருந்த மழலையர் பள்ளியிலும் அதையே கூறி, வீட்டிலும் மலையாளமே பேசுங்கள் என்றனர். நாமும் பேசினோம். பாவம், அவனுடைய பாட்டிக்கு மலையாளத்தில் கதை சொல்ல வராது. அவள் வாயை மூடிக்கொண்டாள். ஓராண்டு வீணாயிற்று.

இரு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறை உண்டாவதில்லை என்பது இன்று வல்லுநர்கள் ஏற்றுக்கொண்ட செய்தி. அத்தகைய குழந்தைக்குத் தெரிந்த சொற்களை இரு மொழியிலும் சேர்த்தே எண்ண வேண்டும். அப்படி எண்ணியும் குறைவாயின் காரணம் வேறு; அதை உடனே பார்த்தாக வேண்டும். இவ்வொன்றை முன்பே அறிந்திருந்தால் அந்த ஓராண்டு நமக்கு மிஞ்சியிருக்கும்.

பிறகு ஒருநாள் சோதனைக்கு அழைத்துச் சென்றோம். படப் புத்தகத்தை விரித்து, "பூச்ச எவிடெ?" என்றார் சோதித்தவர். மலையாளத்தில் பூச்ச என்றால் பூனை. நம் பிள்ளையோ பூச்சி என்று எண்ணி, குனிந்து மேசைக்கு அடியில் தேடினான்! தவறு என்று குறித்துக்கொண்டார். அவன் தாயார் அனுமதி கேட்டு, "பூனை எங்கேடா கண்ணு?" என்றதும் படத்தின்மீது விரலை வைத்தான். மலையாளத்தில் மூன்று படம் காட்டியவன் தமிழில் ஏழு காட்டினான். நமக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் அது அரை மணி நேரமே நீடித்தது. "பந்தை எடுத்துப் பெட்டியில் போடு" என்னும் எளிய ஏவல் எம்மொழியில் சொல்லியும் அவனுக்கு எட்டவில்லை. குறை உண்மையானதே. அதன் அளவைத்தான் மொழி மாற்றிக் காட்டியது. ஆகையால் சோதனைக்குச் செல்லும் பெற்றோர், வீட்டுமொழி தமிழ் என்பதை முதலிலேயே கூறி, தமிழிலும் கேட்கச் சொல்லுங்கள். இதில் கூச்சம் வேண்டாம்.

இனி வழிமுறையைச் சொல்வோம். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறை வந்து பார்க்க வேண்டும். ஐயமுள்ள குழந்தையை மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பேச்சுப் பயிற்சி தொடங்குவதற்குச் சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சான்றிதழ் தனிக் காரியம். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அறிவுத்திறன் குறைபாடு என்று எழுதாமல், 'ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்' என்றே எழுதுவர். நம் மகனுக்கும் அவ்வாறே எழுதினர். அந்தத் தாளைக் கையில் வாங்கிய அன்று இரவு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளைக் கூறுகிறது. குறைபாடு நூற்றுக்கு 40-க்குக் குறையாதிருப்பின், 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. சான்றிதழ் நாடெங்கும் செல்லும் என்பது மாநிலம் மாறும் நம்மவர்க்குப் பெரிய ஆறுதல். பள்ளியில் சேர்ந்த பின் தலைமையாசிரியர் மூலம் வட்டார வள மையத்துக்கு, அதாவது எல்லாரும் பி.ஆர்.சி. என்று சொல்லும் அலுவலகத்துக்கு, எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். சிறப்பாசிரியரும் பிள்ளைக்கென்று தனிக் கல்வித் திட்டமும் அதன் வழியேதான் வர வேண்டும். பத்துத் தொடக்கப்பள்ளி மாணவருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் கூறியது. நடைமுறையிலோ ஒருவரே பல பள்ளிகளுக்கு அலைவதைக் காண்கிறோம். ஆகவே வாயால் கேட்டுவிட்டு வருவதில் பயனில்லை. நகல் ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மலையாளத்தில் எழுத வராதே என்று தயங்குவோர் உண்டு. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களின் அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் இடமளிக்கிறது. தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க அரசுகள் வசதி செய்ய வேண்டும் என்னும் அரசியலமைப்பின் 350-அ பிரிவு 1956-இல் சேர்க்கப்பட்டது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றதும் அதே ஆண்டில்தான்.

தேவிகுளம் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாழும் நம் ஒன்றுவிட்ட அண்ணன் மகளுக்கும் இதே குறை. அவருக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி. மலைப்பாதையில் பஸ் ஏறினால் குழந்தை வாந்தி எடுக்கிறது. இருமுறை தாள் போதவில்லை என்று திரும்பினார். நமக்கும் அது நேர்ந்தது. பிறப்புச் சான்றில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னும், ஆதாரில் பின்னும் இருந்ததாம்! பிறர் விண்ணப்பத்தில் பிழை காண்பதையே தொழிலாகக் கொண்ட குமாஸ்தாவுக்கு இது வேண்டியதுதான் என்று இல்லாள் நகைத்தாள். பெயர், தலைப்பெழுத்து, வீட்டு முகவரி மூன்றும் எல்லாத் தாளிலும் ஒன்றாயிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பஸ் ஏறுங்கள் என்று அண்ணனுக்கு எழுதினோம்.

மத்திய அரசு ஊழியருக்கு ஒரு குறிப்பு: இத்தகைய பிள்ளையைப் பராமரிப்பவரை வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்கக் கோரலாம், 2014-இல் அதற்கு ஆணை உண்டு. அறிவுத்திறன் குறைந்து, துணையின்றிப் பயணிக்க இயலாதவருக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பு ரயில் கட்டணத்தில் நூற்றுக்கு 75 சலுகை உண்டு.

பாட்டி இப்போது மறுபடியும் தமிழிலேயே கதை சொல்கிறாள். மகன் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசத் தொடங்கியிருக்கிறான். ஐந்து வயது நிறைந்துவிட்டதால் அடுத்த மாதம் மறுசோதனைக்குப் போக வேண்டும். தமிழ்ப் பெயர் எழுதிய படப் புத்தகம் ஒன்றை இம்முறை நாமே எடுத்துச் செல்கிறோம்.