கோடியக்கரைக் கடலோர நடைப்பயணம்

கோடியக்கரை, வேதாரண்யத்திற்குத் தெற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில், வங்காள விரிகுடாவும் பாக்கு நீரிணையும் சந்திக்கும் முனையாகும். இங்கு ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், ஒரு மீட்டருக்கும் குறைவே. எனினும் நிலம் மிகத் தட்டையானது. ஆகவே சிறிதளவு ஏற்றமும் சேற்றுவெளியில் நெடுந்தூரம் பரவி, நடந்து சென்றவர் திரும்பும் வழியை மூடிவிடக்கூடும்.

ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகும். நேரம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் பிந்தும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் மிகும். ஓடைகளை வற்றத்தின் இறுதியில், நீரோட்டம் தணிந்தபின், கோலால் ஆழம் பார்த்துக் கடத்தல் வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வற்றத்தை நம்பலாகாது. மழைவெள்ளமும் காற்றும் ஓத அட்டவணையில் இடம்பெறுவதில்லை. உள்ளூர் மீனவரிடம் கேட்டறிதல் நன்று. 1967இல் அமைக்கப்பட்ட கோடியக்கரை வனவிலங்கு சரணாலயத்தினுள் செல்ல வனத்துறையின் அனுமதி தேவை.