விமானியின் ஊதியமும் பயணியின் உயிரும்

ஊதியம் என்பது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே உள்ள கணக்கு என்றே பலரும் கருதுவர். பல தொழில்களுக்கு இக்கருத்து பொருந்தக்கூடும். ஆயின், சில தொழில்களில் அக்கணக்கு மூன்றாம் ஒருவரையும் தொடுகின்றது. ஆகாய விமானம் ஓட்டும் தொழில் அத்தகையது. விமானி போதிய உறக்கமின்றி வேலைக்கு வருவாராயின், அதனால் விளையும் தீங்கு அவர் பெயரைக்கூட அறியாத பயணியையும் சேரும்.

விமானி என்றதும் தங்கப் பட்டையிட்ட சீருடையும், பெரிய ஓட்டல்களில் தங்கும் வாய்ப்பும், கைநிறைந்த சம்பளமும் மக்கள் நினைவுக்கு வருகின்றன. பெரிய கம்பெனியில் பல்லாண்டு பணியாற்றிய தலைமை விமானியைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பொய்யன்று. ஆயினும், மேற்படியை மட்டும் பார்த்து ஏணி முழுவதையும் மதிப்பிடுதல் தகாது. அமெரிக்க நாட்டில் அந்த ஏணியின் கீழ்ப்படி எந்நிலையில் இருந்தது என்பதை 2009ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு விபத்து வெளிப்படுத்தியது.

பஃபலோ விபத்து

2009 பிப்ரவரி 12ஆம் நாள் இரவு, நெவார்க்கிலிருந்து பஃபலோ நகருக்குச் சென்ற சிறு விமானம் ஒன்று, இறங்கும் தறுவாயில் ஒரு வீட்டின்மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டிலிருந்த ஒருவருமாக 50 உயிர்கள் மாண்டன. பயணச் சீட்டில் இருந்த பெயர் காண்டினென்டல் என்னும் பெரிய கம்பெனியின் பெயர். விமானத்தை ஓட்டியதோ, அதனோடு ஒப்பந்தம் செய்துகொண்ட கால்கன் என்னும் சிறு வட்டாரக் கம்பெனி.

விசாரணையில் வெளிவந்த செய்திகள் மக்களைத் திடுக்கிடச் செய்தன. துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 16,000 அமெரிக்க வெள்ளிதான். நெவார்க் வட்டாரத்தில் தனியே குடியிருக்க அது போதாது. மேற்குக் கரையில் சியாட்டில் நகரை அடுத்துப் பெற்றோருடன் வாழ்ந்த அவர், முந்திய இரவு முழுதும் சரக்கு விமானங்களில் பயணம் செய்து வேலைக்கு வந்து சேர்ந்தார். தலைமை விமானியோ நெவார்க் நிலையத்தின் ஊழியர் அறையில் இரவைக் கழித்தவர்.

விபத்துக்குக் காரணம் குறைந்த சம்பளமே என்று கூறிவிடுதல் நேர்மையாகாது. விமானத்தின் வேகம் குறைந்து எச்சரிக்கை எழுந்தபோது, தலைமை விமானி செய்ய வேண்டியதற்கு மாறாகச் செய்தார் என்பதே தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிவு. இருவரும் களைப்புற்றிருக்கக் கூடும் என்றும், அது எவ்வளவு தூரம் காரணமாயிற்று என்று அளந்து கூற இயலாது என்றும் வாரியம் தெரிவித்தது.

இவ்விபத்துக்கு 28 நாட்கள் முன்னர்தான், ஜனவரி 15ஆம் நாள், சல்லன்பர்கர் என்னும் தலைமை விமானி, பறவைகள் மோதி இரு இயந்திரங்களும் செயலிழந்த விமானத்தை நியூயார்க் நகரின் ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றியிருந்தார். உலகம் புகழ்ந்த அவர், பிப்ரவரி 24ஆம் நாள் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின்முன் சாட்சியம் அளித்தார். தம் சம்பளம் 40 விழுக்காடு குறைக்கப்பட்டதென்றும், தமது ஓய்வூதியத் திட்டம் ஒழிக்கப்பட்டு, அதற்கு ஈடாகக் கிடைத்தது மிகச் சொற்பமே என்றும் அவர் கூறினார்.

வேறிடம் செல்ல இயலாதது ஏன்?

சம்பளம் போதவில்லையெனில் வேறு கம்பெனிக்குச் செல்லலாமே என்று கேட்கலாம். இங்கேதான் இத்தொழிலின் தனித்தன்மை உள்ளது. அமெரிக்க விமானியின் சம்பளம், ஓட்டும் விமானம், விடுமுறை நாள் யாவும் பணிமூப்பு வரிசையைப் பொறுத்தவை. கம்பெனி மாறினால் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் புதியவராகக் கடைசி இடத்தில் நிற்க வேண்டும். பயிற்சிக்காக ஏறத்தாழ ஒரு லட்சம் வெள்ளி கடன்பட்டவர் எளிதில் தொழிலை விட்டு விலகவும் இயலாது.

சம்பளம் கணக்கிடும் முறையும் கருதத்தக்கது. விமானம் புறப்பட நகரும் நேரம்முதல் சேருமிடத்தில் நிற்கும் நேரம்வரையே பெரும்பாலும் கூலி கணக்கிடப்படுகிறது. முன்கூட்டி வந்து விமானத்தைச் சோதிக்கும் நேரமும், இரு பயணங்களுக்கு இடையே காத்திருக்கும் நேரமும் அதில் சேர்வதில்லை. ஆகவே, மணிக் கூலி பெரிதாகத் தோன்றினும் நாள் கூலி சிறிதாகிவிடுகிறது.

பெற்றதும் இழந்ததும்

இப்போராட்டம் புதிதன்று. 1931இல் பெங்கி என்பவர் தலைமையில் அமெரிக்க விமானிகள் சங்கம் அமைத்தனர். 1934இல் தேசியத் தொழிலாளர் வாரியம் அளித்த 83ஆம் தீர்ப்பு, விமானி மாதத்தில் 85 மணிக்கு மேல் பறத்தலாகாது என்று வரையறுத்தது. 1978இல் விமானத் தொழிலின்மீது அரசு கொண்டிருந்த கட்டணக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. போட்டி மிகுந்தது, கட்டணம் குறைந்தது, பயணிகள் பயனடைந்தனர். ஆனால், 2001க்குப் பிறகு பெரிய கம்பெனிகள் பல நொடித்துப்போய் நீதிமன்றத்தை நாடின. அப்போது வெட்டப்பட்டவை சம்பளமும் ஓய்வூதியமுமே. கம்பெனி மூடப்பட்டால் எல்லார் வேலையும் போகும் என்பது முதலாளிகளின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், சுமையின் பெரும்பகுதி ஏணியின் கீழே நின்றவர்மீது இறங்கியது.

பஃபலோ விபத்தில் உறவினரை இழந்த குடும்பத்தினர் தளராது முயன்றதன் பயனாக 2010இல் புதிய சட்டம் பிறந்தது. அதன்படி, துணை விமானியாவதற்குப் பொதுவாக 1,500 மணி நேரப் பறத்தல் அனுபவம் வேண்டும் என்னும் விதி 2013இல் நடைமுறைக்கு வந்தது. பஃபலோ விமானத்தை ஓட்டிய இருவரும் இந்த அளவைக் கடந்தவர்களே என்பது குறிப்பிடத்தக்கது. 2014 முதல், பயணி விமானங்களை ஓட்டுவோருக்கு வேலைக்கு முன் 10 மணி நேர ஓய்வும், அதில் 8 மணி நேரம் உறங்கும் வாய்ப்பும் கட்டாயமாயின. சரக்கு விமானிகளுக்கு இவ்விதி விலக்களிக்கப்பட்டது. சட்டம் அனுபவத்தைத் தொட்டது, ஓய்வைத் தொட்டது, ஊதியத்தைத் தொடவில்லை.

ஊதியத்தை உயர்த்தியது வேறொன்று. 2020இல் பெருந்தொற்றால் விமானங்கள் முடங்கியபோது பலர் முன்னதாகவே ஓய்வு பெற்றனர். பயணிகள் திரும்பியதும் விமானிகளுக்குப் பஞ்சம் ஏற்பட்டது. 2022இல் சில வட்டாரக் கம்பெனிகள் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 வெள்ளி தர முன்வந்தன. 2023இல் டெல்டா கம்பெனி நான்கு ஆண்டுகளில் மொத்தம் 34 விழுக்காடு உயர்வுக்கு உடன்பட்டது.

இவ்வுயர்வு வரவேற்கத்தக்கதே. எனினும், இது நியாயம் கருதி வந்ததன்று. ஆள் கிடைக்காமையால் வந்தது. பஞ்சம் தீர்ந்தால் கீழ்ப்படியின் சம்பளம் மீண்டும் சரியாது என்பதற்கு எந்த விதியும் உறுதி தரவில்லை. விமானிகள் நியாயமாக நடத்தப்படுகின்றனரா என்ற வினாவுக்கு மூத்த தலைமை விமானியின் சம்பளம் விடையாகாது. நேற்றுப் பணியில் சேர்ந்த துணை விமானி, வேலை செய்யும் ஊரிலேயே ஓர் அறை வாடகைக்கு எடுத்து இரவில் நிம்மதியாக உறங்க முடிகிறதா என்பதே அதனை அளக்கும் கோல். ஏனெனில், பயணியின் உயிர் அவர் கையிலும் இருக்கிறது.