கிற்றார் பிக்கும் அதன் நாதமும்

திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியரின் மரபிலே வேரூன்றிய பைலா இசையில், ஆறெட்டுத் தாளத்துக்கு இணங்க எல்லாத் தந்திகளையும் ஒருசேர வருடிச் செல்லும் கிற்றார்க்காரரின் விரலிடுக்கில் இருக்கும் பிக் எனும் சிறு தகடு, பாட்டின் சுபாவத்தையே மாற்றவல்லது என்றால் சிலர் நம்பமாட்டார்.

காரணம் இதுதான்: பிக் தந்தியை ஒருபுறம் இழுத்து விடுகிறது, விடுகிற கணத்தில் தந்தி எந்த வடிவில் வளைந்திருந்ததோ, அந்த வடிவமே நாதத்தில் எத்தனை மேற்சுரங்கள் கலக்கும் என்பதை நிர்ணயிக்கிறது. கூரிய முனை தந்தியில் கூரிய கோணத்தை உண்டாக்குவதால் ஒலி பிரகாசமாகிறது. மழுங்கிய முனை அக்கோணத்தை உருட்டிவிடுவதால் மிருதுவாகிறது. அரை மில்லிமீற்றர்த் தகடு தானே வளைந்து கொடுப்பதால் கை தடையின்றி ஓடும்; ஒரு மில்லிமீற்றருக்கு மேற்பட்டதோ வளையாது, கையின் விசை முழுவதையும் தந்திக்கே தரும்.

முற்காலத்தில் பிக் செய்வதற்கு உத்தமமெனப் போற்றப்பட்டது, இலங்கைக் கடலிலும் உலவும் அழுங்காமையின் ஓடு. 1973இல் கையெழுத்தான சர்வதேச உடன்படிக்கையின் கீழ் அவ்வோட்டின் சர்வதேச வியாபாரம் தடைப்பட்டது, நல்லதாயிற்று. இன்று பழக்கத்திலுள்ள நைலோன் ஈரத்தை உறிஞ்சிச் சற்றே இளகும் குணமுடையது என்பதைக் கடற்கரைவாசிகள் நினைவில் வைப்பது நலம்.

ஆகவே, பைலாவுக்குத் தாளம் வருடுவோர் மெல்லியதையும், தனிச்சுரம் வாசிப்போர் தடித்ததையும் வாங்குக. விலை சொற்பமாதலால் இரண்டையும் வாங்கிப் பரீட்சிப்பதே என் அபிப்பிராயம்.