விலகியவர் இடத்தை நிரப்புதல்

ஆட்டம் எதுவாயினும், ஓர் அணியைத் தாங்கி நின்ற வீரர் விலகும்போது எழும் வினா ஒன்றே. அவரைப் போன்ற இன்னொருவரைத் தேடுவதா, அவர் செய்த பணியை வேறு வகையில் செய்யக்கூடியவரைத் தேடுவதா? இலங்கைக் கிரிக்கெட் அணி 2010ஆம் ஆண்டில் இவ்வினாவை எதிர்நோக்கியது.

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்தவர் ஒருவரின் பேரர் முத்தையா முரளிதரன். கண்டியிற் பிறந்த அவர், அவ்வாண்டு ஜூலையில் காலி மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராகத் தமது 800ஆவது விக்கெட்டை வீழ்த்தி, டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அந்த ஆட்டத்தில் வென்ற இலங்கை, அடுத்த டெஸ்ட் வெற்றிக்கு 17 மாதங்கள் காத்திருந்தது. 2011 டிசம்பரில், தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில், 9 விக்கெட்டுகளை வீழ்த்தி அவ்வெற்றிக்கு வழிகோலியவர் ரங்கன ஹேரத்.

இருவரும் சுழற்பந்து வீச்சாளரே. எனினும் முறை வேறு. முரளிதரன் வலக்கையால் வீசுபவர். மணிக்கட்டின் வலிமையாற் பந்தைப் பெரிதும் திருப்புவார். ஹேரத் இடக்கையால் வீசுபவர். வேகத்தைச் சிறிது கூட்டியும் குறைத்தும், குறித்த இடத்தில் ஓயாது பந்தை இட்டும், மட்டையாளரின் பொறுமையைச் சோதிப்பார். 1999இலேயே டெஸ்ட் அரங்கேறியும், முரளிதரன் ஆடிய காலத்தில் அவருக்கு நிலையான இடம் கிட்டவில்லை. முழுப்பொறுப்பு வந்தபோது வயது 32. 2018இல் ஓய்வு பெறுகையில் அவர் வீழ்த்தியிருந்த விக்கெட்டுகள் 433.

இரண்டாவது முரளிதரனை இலங்கை தேடிக்கொண்டே இருந்திருந்தால், ஹேரத்தின் ஆற்றல் வெளிப்பட்டிராது. தோட்டத்து அணிக்கோ பள்ளி அணிக்கோ வீரரைத் தெரிவோரும் இதனை எண்ணுதல் நன்று. சென்றவரின் சாயலைத் தேடுவதினும், காத்திருப்பவரின் திறனை அறிவதே அணிக்குப் பயன் தரும்.